துழாவுதல்

போன வருடம் கோப்பெங் பக்கம் ஒரு வீடமைப்புத் திட்டத்துக்கு மண் பரிசோதனை செய்யப் போயிருந்தேன். துளையிட்ட இடமெல்லாம் மேலே மணல், கீழே கூழ்போலச் சேறு. பழைய ஈய லம்பம். அறிக்கையில் 'முன்னாள் சுரங்க நிலம்' என்று எழுதினேன். வீட்டில் சொன்னபோது பாட்டி, "அங்கதானே நாங்க தொழாவுனோம்" என்றார்.

பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மதியத்துக்கு மேல் டூலாங். அகலமான மரத்தட்டு அது. முழங்கால் தண்ணீரில் நின்று மணலை அள்ளிச் சுழற்ற வேண்டும். மணலின் ஒப்படர்த்தி சுமார் 2.65, ஈயத் தாதுவுக்கு 7. லேசானது வழிந்தோடும், கறுப்பாக அடியில் தங்குவது ஈயம். நான் சூத்திரமாகப் படித்ததைப் பாட்டி மணிக்கட்டில் வைத்திருந்தார்.

கிந்தா பள்ளத்தாக்கில் 1913இல் ஈயக்கப்பல் வந்துவிட்டது. தஞ்சோங் துவாலாங்கில் இன்றும் நிற்கும் கப்பல் 1938இல் கட்டப்பட்டது. எடை 4,500 டன். இயந்திரங்கள் விட்டுவைத்ததைத்தான் டூலாங் பெண்கள் எடுத்தார்கள். அதற்கும் உரிமம் வேண்டும். அவர்களில் அதிகம் பேர் சீனப் பெண்கள்.

கோப்பெங் ஈயத்தில் முதல் போட்டவர்களில் இங்கிலாந்தின் கார்ன்வால்காரர்கள் உண்டு. தலைமுறை தலைமுறையாக ஈயம் தோண்டியவர்கள். ஆங்கிலத்தில் 'டெல்வ்' என்றால் முன்பு வெறுமனே மண் தோண்டுவது. இப்போது ஆழ்ந்து ஆராய்வது. கையால் துழாவுவதற்கு 'கிராபிள்' என்ற சொல் உண்டு, இன்று அதைச் சொல்வது அரிது. பிறர் கைவிட்ட குழிகளில் மிச்சம் பொறுக்குவது 'ஃபாசிக்'. ஆஸ்திரேலியத் தங்கவயல்களில் புழங்கிய இச்சொல்லின் வேர் கார்ன்வால் பேச்சில் இருக்கலாம் என்கிறார்கள். பாட்டி செய்ததற்கு அகராதியிலேயே பெயர் இருக்கிறது, ஆனால் ஆங்கிலத்தில்.

தமிழிலும் சொற்களுக்குப் பஞ்சமில்லை. அகழ், தோண்டு, கல்லு, கிளறு, துருவு, நோண்டு. 'அகழ்' மட்டும் கீழடிவரை போய் அகழாய்வு என்று மரியாதை பெற்றது. 'துழாவு' கூழ்ப்பானையோடு அடுப்படியில் நின்றுவிட்டது.

1985 அக்டோபரில் ஈய விலை சரிந்தது. லம்பங்கள் மூடின. பாட்டி இருந்த தோட்டமும் இப்போது இல்லை. நம் வரலாற்றை எழுதும்போது ரப்பரைத்தான் எழுதுகிறோம். நானும் அப்படித்தான் படித்து வளர்ந்தேன். ஈயத்தைச் சீனர்களின் கதை என்று ஒதுக்கிவிட்டோம். இரண்டு கதைக்கும் நடுவே தண்ணீரில் நின்ற பாட்டி எதிலும் இல்லை.

"ஏன் பாட்டி, தேடுனோம்னு சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன்.

"தேடுறதுக்குக் கண்ணு வேணும்யா. கலங்குன தண்ணியில கண்ணு எதுக்கு ஆவும்? கையும் காலும்தான்."

அறிக்கையை அனுப்பிவிட்டேன். 'முன்னாள் சுரங்க நிலம்' என்றே இருக்கிறது. அதில் விடுபட்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.