'வார்சிட்டி' டீம்னா என்ன? ஜாக்கெட்டில் தைத்த ஓர் எழுத்தின் கதை!

ஹாலிவுட் ஸ்கூல் படங்களில் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீங்க. மார்பில் பெரிதாக ஓர் எழுத்து தைத்த ஜாக்கெட்டோடு ஒரு பையன் நடந்து வருவான். மொத்த ஸ்கூலும் அவனையே பார்க்கும். நம்ம ஊர் கடைகளிலும் இப்போ 'வார்சிட்டி ஜாக்கெட்' கிடைக்கிறது. ஆனால், அமெரிக்காவில் அந்த எழுத்தை விளையாடித்தான் சம்பாதிக்கணும்!

பெயர் வந்த கதை

'யுனிவர்சிட்டி' என்ற சொல் பேச்சில் தேய்ந்து பிறந்ததுதான் 'வார்சிட்டி'. பிரிட்டனில் ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் மோதும் ரக்பி ஆட்டத்துக்கு இன்றும் 'வார்சிட்டி மேட்ச்' என்றுதான் பெயர். அமெரிக்காவிலோ, ஒரு பள்ளி அல்லது கல்லூரியின் முதன்மை அணிதான் வார்சிட்டி. அதற்கு அடுத்த நிலை, 'ஜூனியர் வார்சிட்டி'. சுருக்கமாக, ஜே.வி. சீசன் தொடங்கும்முன் நடக்கும் தேர்வில், யார் எந்த அணி என்பதை கோச் முடிவு செய்வார்.

சட்டையில் எழுத்து தைக்கும் பழக்கம், 1865-ல் ஹார்வர்டு பேஸ்பால் அணியிடமிருந்து தொடங்கியதாகச் சொல்கிறார்கள்.

ஜோர்டானுக்கே இடம் இல்லை!

1978-ல் வட கரோலினாவின் வில்மிங்டன் நகரில் ஒரு பத்தாம் வகுப்பு மாணவன், வார்சிட்டி பாஸ்கெட்பால் பட்டியலில் தன் பெயரைத் தேடினான். இல்லை. அவனைவிட உயரமான நண்பனுக்கு இடம் கிடைத்திருந்தது. வீட்டுக்குப் போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அழுதான். ஆனால், ஆட்டத்தை விடவில்லை. ஜே.வி அணியில் விளையாடினான், உயரமும் கூடியது, மறு வருஷம் வார்சிட்டிக்குள் நுழைந்தான். 1982-ல் வட கரோலினா பல்கலைக்கழகத்துக்காக தேசியக் கோப்பையை வென்று கொடுத்த கடைசி நேரக் கூடை, அவன் போட்டதுதான். பெயர், மைக்கேல் ஜோர்டான்!

காசு வருமா?

கல்லூரி விளையாட்டை நடத்தும் பெரிய அமைப்பு, 1906-ல் தொடங்கப்பட்ட என்.சி.ஏ.ஏ. இதில் மூன்று டிவிஷன்கள். முதல் இரண்டில் விளையாட்டுக்காக ஸ்காலர்ஷிப் உண்டு, மூன்றாவதில் கிடையாது. 1972-ல் வந்த 'டைட்டில் 9' சட்டம், அரசு நிதி பெறும் கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்தது. பெண்கள் அணிகள் பெருகியது அதன் பிறகுதான்.

வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்க 2021-ல்தான் அனுமதி கிடைத்தது. 2025 முதல் கல்லூரிகளே நேரடியாகப் பணம் கொடுக்கலாம். ஆனால், ஸ்டூடன்ட் விசாவில் போகிறவர்களுக்கு வேலை தொடர்பான கட்டுப்பாடுகள் இருப்பதால், இந்த வருமானம் அவ்வளவு சுலபமில்லை.

படிப்பு முக்கியம் பாஸ்!

டிவிஷன் 1-ல் முதல் வருஷமே களமிறங்க, பள்ளியில் 16 முக்கியப் பாடங்களை முடித்து, அவற்றில் 4-க்கு குறைந்தது 2.3 ஜி.பி.ஏ வைத்திருக்கணும். சீசனில் கட்டாயப் பயிற்சிக்கு வாரம் 20 மணி நேரம்தான் உச்சவரம்பு. வெளியூர் மேட்ச்சுக்கான பயண நேரம் இதில் சேராது என்பதால், பஸ்ஸிலேயே புத்தகத்தைத் திறக்க வேண்டியிருக்கும்.

இவ்வளவு உழைத்தாலும், கல்லூரி வீரர்களில் புரொஃபஷனலாக மாறுகிறவர்கள் 2 சதவிகிதத்துக்கும் குறைவு என்கிறது என்.சி.ஏ.ஏ. மீதிப் பேருக்குக் கடைசியில் சோறு போடப்போவது டிகிரிதான்.

அங்கே படிக்கப் போறீங்களா?

வார்சிட்டியில் இடம் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். மாணவர்களே நடத்தும் 'கிளப்' அணிகள் இருக்கின்றன. என்.சி.ஏ.ஏ பட்டியலில் கிரிக்கெட் இல்லாததால், பல பல்கலைக்கழகங்களில் நம்ம பசங்க பேட் பிடிப்பது கிளப் அணிகளில்தான்.

ஜாக்கெட்டில் எழுத்து இல்லாவிட்டால் என்ன? சனிக்கிழமை மேட்ச் இருக்கே!