தமிழ்க் கிறித்தவத்தின் இரு சொல்மரபுகள்

பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகரத்துப் ஃபார்க்குவார் வீதியில் பழமையான இரு தேவாலயங்கள் உள்ளன. 1818இல் கட்டப்பட்ட தூய ஜார்ஜ் ஆலயம் ஆங்கிலிக்கத் திருச்சபைக்கு உரியது. விண்ணேற்பு அன்னை ஆலயம் 1786இல் இத்தீவில் குடியேறிய கத்தோலிக்கச் சமூகத்தின் வழிவந்தது. இவ்விரு மரபுகளையும் சார்ந்த தமிழர் இந்நகரில் வாழ்கின்றனர். கத்தோலிக்கர் ‘திருப்பலி’க்குச் செல்வதாகக் கூறுவர், அதனை நிறைவேற்றுபவர் ‘குருவானவர்’. சீர்திருத்தச் சபையார் ‘ஆராதனை’க்குச் செல்வர், அதனை நடத்துபவர் ‘போதகர்’. மேலோட்டமாக நோக்குவோர்க்கு இவை வெறும் வழக்கு வேறுபாடுகளாகத் தோன்றலாம். ஆயின், கொள்கை வேறுபாடே இச்சொற்களில் உறைந்துள்ளது என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிறித்துவின் சிலுவைப் பலி ஒவ்வொரு வழிபாட்டிலும் பீடத்தின்மீது நிகழ்நிலையாகின்றது என்பது கத்தோலிக்கக் கொள்கை. பலி உள்ள இடத்தில் அதனை ஒப்புக்கொடுக்கும் குருவும் வேண்டும். அப்பலி ஒரே முறை நிறைவுற்றது, வழிபாட்டில் அது மீண்டும் ஒப்புக்கொடுக்கப்படுவதில்லை என்பது சீர்திருத்தச் சபையாரின் நிலைப்பாடு. எனவே அவர்கள்பால் அப்பமும் இரசமும் ‘திருவிருந்து’ ஆயின. இறைவார்த்தையைப் போதிப்பதே ஊழியரின் முதற்கடமை ஆயிற்று. அருளடையாளங்கள் ஏழு என்பார் கத்தோலிக்கர். திருமுழுக்கு, திருவிருந்து ஆகிய இரண்டே என்பார் மற்றையோர். பழைய ஏற்பாட்டு நூல்கள் முன்னவர்க்கு 46; பின்னவர்க்கு 39.

இச்சொற்பிரிவு தொடக்கத்திலேயே முழுமை பெற்றிருக்கவில்லை. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி என்னும் தத்துவ போதகரின் மரபில் இறைவன் ‘சர்வேசுரன்’ எனப்பட்டான். சரியாக நூறாண்டுகள் கழித்து, 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய லுத்தரன் ஊழியர் சீகன்பால்கு கத்தோலிக்கரின் அச்சொல்லையே தம் மொழிபெயர்ப்பிலும் ஆண்டார். பின்னர்ப் பப்ரிசியுஸ் ‘பராபரன்’ என்பதைக் கைக்கொண்டார். 1871இல் வெளிவந்த பவர் மொழிபெயர்ப்பு ‘தேவன்’ என்றது. இதற்கிடையே வீரமாமுனிவர் லுத்தரன் கொள்கையை மறுத்து ‘வேதவிளக்கம்’, ‘பேதகமறுத்தல்’ ஆகிய உரைநடை நூல்களை இயற்றினார். தமிழ் உரைநடை வளர்ச்சியில் இச்சமயப் பூசலுக்கும் பங்குண்டு என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இணக்க முயற்சிகள் தோன்றின. இரு தரப்பினரும் இணைந்து உருவாக்கிய ‘திருவிவிலியம்’ 1995இல் வெளிவந்தது. அதில் இறைவன் ‘கடவுள்’ ஆனார். 1999இல் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லுத்தரன் கூட்டமைப்பும் நம்பிக்கையால் மனிதன் இறைவனுக்கு ஏற்புடையவனாதல் குறித்து ஆக்ஸ்பர்க்கில் கூட்டறிக்கையில் ஒப்பமிட்டன. எனினும், சீர்திருத்தச் சபையாருள் பெரும்பாலோர் பவர் மரபின் ‘தேவன்’ என்ற சொல்லை இன்றும் விட்டிலர். செவியில் பதிந்த வேதமொழியைக் குழுக்கள் எளிதில் மாற்றிவிட முடிவதில்லை.

நம் பாடத்திட்டங்களோ ‘கிறித்தவத் தமிழ்’ என்னும் ஒரே தலைப்பில் தேம்பாவணியையும் தரங்கம்பாடி அச்சு நூல்களையும் அடக்கிவிடுகின்றன. ‘தேவன்’ என்ற சொல்லாட்சி ஒரு நூலின் காலத்தையும் சபையையும் உணர்த்தும் சான்றாகலாம் என்பதை மாணவர் அறியாமலே தேர்வெழுதுகின்றனர். எந்தச் சபையின் சொல் என வினவாது கிறித்தவ இலக்கியம் கற்பிப்பது, சைவ வைணவ வேறுபாடு கூறாது பக்தி இலக்கியம் கற்பிப்பதை ஒக்கும்.