நெருங்கிய அன்டெனாக்களுக்கிடையே மீப்பொருள்: எந்த வழி அடைபடுகிறது?

இலங்கையின் கிழக்குக் கரையில் மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் வீட்டுச் சுவரோடு வீட்டுச் சுவர் ஒட்டி நிற்கிறது. அலை சுவருக்குச் சுவர் தெறிக்கும் இந்த நெருக்கம், பல அன்டெனாக்களால் ஒரே மீடிறனில் பல தரவோடைகளை அனுப்பும் மைமோ முறைக்கு வாய்ப்பானது. ஆனால் இடைஞ்சல் சாதனத்துக்குள் இருக்கிறது. 2.3 கிகாஹேர்ட்ஸில் அலைநீளம் ஏறக்குறைய 13 சென்ரிமீற்றர். வீட்டு றவுட்டரில் இரண்டு அன்டெனாக்களை அரை அலைநீளம் தள்ளி வைத்துவிடலாம். 900 மெகாஹேர்ட்ஸில் அதே இடைவெளி 16 சென்ரிமீற்றரைத் தாண்டும். கைத்தொலைபேசியின் அகலம் அதில் பாதிகூட வராது. அன்டெனாக்கள் நெருங்கியே நிற்கவேண்டும். அப்போது ஓர் அன்டெனாவுக்கு ஊட்டிய வலுவில் ஒரு பங்கு வெளியே போகாமல் அயல் அன்டெனாவுக்குள் புகுந்துவிடுகிறது. இந்த இடைப்பிணைப்பு −10 டெசிபெல் என்றால் பத்தில் ஒரு பங்கு, −20 என்றால் நூறில் ஒரு பங்கு.

இரண்டு அன்டெனாக்களுக்கும் நடுவில் மீப்பொருளை, அதாவது தன் அமைப்பால் அலையை ஆளும் செயற்கைப் பொருளை, வைப்பது இதற்குச் சொல்லப்படும் தீர்வுகளில் ஒன்று. பொருளின் வேதியியலை விட அதன் அமைப்பே அலையை ஆளும் என்ற எண்ணம் புதிதல்ல. 1898இல் ஜகதீஷ் சந்திர போஸ் முறுக்கிய சணற்கட்டுகளூடாக மின்னலையைச் செலுத்தி, அதன் முனைவாக்கத் தளம் திரும்புவதைக் காட்டினார். திருப்பியது சணல் அல்ல, முறுக்கு. கைத்தறி ஊரான மருதமுனையில் இதற்கு நீண்ட விளக்கம் தேவைப்படாது. 1999இல் ஆய்வாளர் சீவன்பைப்பர் முன்வைத்த காளான் அமைப்பும் இந்த வழியில் வந்ததே: சிறு செம்புச் சதுரங்கள் வரிசையாக, ஒவ்வொன்றிலிருந்தும் அடியிலுள்ள உலோக நிலத்தளத்துக்கு ஒரு செம்புக் காம்பு. சதுரங்களின் இடைவெளி கொள்ளளவமாகவும் காம்புவழி ஓட்டம் தூண்டியாகவும் நடந்துகொள்கின்றன. இவற்றின் பரிவை அண்டிய மீடிறன்களில், பலகையை ஒட்டி ஓடும் மேற்பரப்பு அலை கடக்க முடியாது.

2003இல் யாங், ரஹ்மத்-சாமி என்ற ஆய்வாளர் இருவரும் 5.8 கிகாஹேர்ட்ஸில் இவ்வமைப்பால் இடைப்பிணைப்பை ஏறத்தாழ 8 டெசிபெல் குறைத்தனர். அடிக்கடி மேற்கோளாகும் இந்த வெற்றியின் நிபந்தனைகளைக் கவனிப்போர் குறைவு என்பது என் எண்ணம். அங்கே அன்டெனாக்களுக்கிடையே முக்கால் அலைநீளம் இருந்தது. அன்டெனாக்களைத் தாங்கிய பலகையோ மேற்பரப்பு அலையைத் தாராளமாகத் தாங்கும் உயர் மின்னுழைய மாறிலி கொண்டது. மலிவான மெல்லிய பலகையில், கால் அலைநீளத்துக்கும் குறைந்த இடைவெளியில், வலு பெரும்பாலும் நிலத்தள ஓட்டமாகவும் அண்மைப் புலமாகவும் தாவுகிறது. அங்கே காளான் வரிசை ஆளில்லாத் தெருவுக்குப் போட்ட படலை. நிலத்தளத்தில் வெட்டும் ஒரு பிளவே பல வேளைகளில் போதும். ஆகவே எந்த வழியால் வலு கடக்கிறது என்று முதலில் காட்டாமல் அறிவிக்கப்படும் டெசிபெல் எண்ணுக்குப் பெறுமதி குறைவு. இன்னொரு மயக்கமும் உண்டு. அமைப்பு வலுவைத் தானே விழுங்கி வெப்பமாக்கினாலும் இடைப்பிணைப்பு குறைந்ததாகவே அளவீடு காட்டும். கதிர்வீச்சுத் திறன் சொல்லப்படாத முடிவை நான் பாதி முடிவாகவே வாசிக்கிறேன்.

கரையோரம் இதற்கு மேலும் ஒரு நிபந்தனை போடுகிறது. மின்புலம் செறிவது சதுரங்களின் ஒடுங்கிய இடைவெளியில். ஈரம் படிவதும் அங்கேதான். மலிவான பலகையின் மின்னுழைய மாறிலி ஏறக்குறைய 4.4, நீருடையது 80 அளவில். கொள்ளளவம் 10 சதவீதம் கூடினால் பரிவு மீடிறன் கிட்டத்தட்ட 4.7 சதவீதம் இறங்கும். 2.3 கிகாஹேர்ட்ஸில் அது 100 மெகாஹேர்ட்ஸைத் தாண்டிய நகர்வு. 2300 முதல் 2400 மெகாஹேர்ட்ஸ் வரையான அலைக்கற்றையின் முழு அகலமே அவ்வளவுதான். பலகை பெட்டிக்குள் இருக்கிறதே எனலாம். கூரையில் ஏற்றிய பெட்டிக்குள்ளும் உப்புக்காற்று புகும், இரவில் குளிர்ந்து பனிக்கும். மெழுகுப்பூச்சு பூசலாம், பூச்சும் கொள்ளளவத்தை மாற்றும், ஆனால் அந்த மாற்றம் நிலையானது, வடிவமைக்கும்போதே கணக்கில் எடுக்கலாம்.

பொறியியல் பீடமும் கடலும் அருகருகே உள்ள ஒலுவிலில் இதைச் சோதிக்கப் பெரிய முதலீடு வேண்டாம். காளான் வரிசையுள்ள பலகை ஒன்று, பிளவு வெட்டியது ஒன்று, இரண்டும் இல்லாதது ஒன்று. மூன்றையும் உலர்ந்த நிலையிலும், கடல்நீர் தெளித்த உடனும், உப்பு காய்ந்து படிந்த பின்னும் அளக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கதிர்வீச்சுத் திறனையும் சேர்த்து.