கடல் கடந்த தொண்டு

திருக்கோணமலைத் துறைமுகம் அயல்நாட்டு இளைஞரை நெடுங்காலமாக அறியும். ஒல்லாந்தரும் பிரான்சியரும் ஆங்கிலேயரும் இத்துறைக்காகப் பொருத நாட்களில் இங்கு இறங்கியோர் படைக்கலம் தாங்கிய இளைஞரே. 1957ஆம் ஆண்டிற் பிரித்தானியர் தம் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தபோது அவ்வரலாறு ஒருவாறு முடிவுற்றது. ஆயுதமின்றித் தொண்டின் பொருட்டு நாடு விட்டு நாடு செல்லும் இளைஞரின் வரலாறு ஏறக்குறைய அதே வேளையிலேதான் விரிவடைந்தது. இதனைக் கூறுவோர் 'பரிமாற்றம்' என்னுஞ் சொல்லைத் தாராளமாக வழங்குவர். பரிமாற்றமாயின் கொடுத்தலும் கொள்ளலும் இரு கரையிலும் நிகழ்தல் வேண்டும். அஃது எவ்வளவிற்கு நிகழ்ந்தது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

இம்முயற்சியின் வித்து 1920இல் ஊன்றப்பட்டது. சுவிற்சலாந்தைச் சேர்ந்த பியேர் செரசோல் என்பார், முதலாம் உலகப்போரில் வெர்டன் அருகே அழிந்த எஸ்ன் என்னும் பிரெஞ்சுக் கிராமத்தை மீளக் கட்டப் பல நாட்டுத் தொண்டரைத் திரட்டினார். அவர்களுள் ஜெர்மானியரும் இருந்தமையால் எதிர்ப்பு எழ, வேலை சில மாதங்களில் நின்றது, இயக்கம் நின்றிலது. 1934 சனவரி 15இல் பூகம்பம் பீகாரை அழித்தபோது செரசோல் இந்தியாவுக்கு வந்து கிராமங்களை மீளமைக்கும் பணியில் உழைத்தார்.

1958 குறிப்பிடத்தக்க ஆண்டு. இங்கிலாந்தில் அலெக் டிக்சன், மோரா டிக்சன் தம்பதியர் பள்ளிப்படிப்பை முடித்த பதினெட்டு வயதினரைக் கடல் கடந்த நாடுகளுக்கு அனுப்பத் தொடங்கினர். அவ்வாண்டு டிசெம்பரில், கொழும்பு நாளந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன, சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டோர் வாழ்ந்த கனதொலுவ என்னுங் கிராமத்துக்குத் தம் மாணவரை அழைத்துச் சென்றார். சர்வோதய சிரமதான இயக்கம் அங்கிருந்து வளர்ந்ததாகும். இவ்விரு பயணங்களுள் பின்னதே அரிய பயணம் என்பது என் கருத்து.

கென்னடி 1961 மார்ச் முதல் நாளில் நிறுவிய அமெரிக்கச் சமாதானப்படை 1962இல் இலங்கைக்குத் தொண்டரை அனுப்பிற்று. அவர்கள் 1964இல் அகன்றனர். 1967இல் மீண்டும் வந்து 1970இல் அகன்றனர். மூன்றாம் முறை 1983இல் தொடங்கிய பணி 1998இல் முடிந்தது. இவ்வாண்டுகளைப் பிறவற்றோடு ஒப்புநோக்குக. எண்ணெய்க் கம்பனிகளின் உடைமைகளை இலங்கை அரசு கையேற்றமை காரணமாக அமெரிக்கா 1963இல் உதவியை நிறுத்தியது. 1965இலும் 1970இலும் ஈண்டு ஆட்சி மாறியது. கிராமத்திற் பணிசெய்ய வந்த இளைஞனின் வரவும் போக்கும் தலைநகரங்களின் நட்பையும் பிணக்கையும் சார்ந்தனவாயின.

எதிர்த்திசையில் யாது நிகழ்ந்தது? பிறநாட்டு இளைஞரைத் தன்னாட்டுக்கு வரவழைத்துத் தொண்டு செய்விக்கும் திட்டமொன்றையும் அமெரிக்கா 1967இல் தொடங்கிற்று. காங்கிரஸ் சபையின் ஆதரவின்றி அது சில ஆண்டுகளில் மறைந்தது. கொடுக்க உவந்த செல்வர்க்குக் கொள்ளுதல் எளிதாயில்லை போலும்! 1971இல் கனடாவில் ஜாக் எபேர் நிறுவிய உலக இளைஞர் அமைப்போ, கனடிய இளைஞரையும் மற்றொரு நாட்டு இளைஞரையும் இணைத்து, இரு நாட்டிலும் சில மாதங்கள் ஒருங்கே வாழ்ந்து உழைக்கச் செய்தது. பரிமாற்றம் என்னும் பெயர் இதற்கே பொருந்தும்.

2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை நம் மாவட்டத்தைத் தாக்கி, கிண்ணியா மருத்துவமனையையும் அழித்தது. தொண்டர் பல நாடுகளிலிருந்தும் வந்தனர். அவர்களுக்கு மொழிபெயர்த்தும் வழிகாட்டியும், கூடாரம் அடித்தும் உடனுழைத்தோர் நம் இளைஞரே. அவருட் சிலர் பின்னர் தாமுங் கடல் கடந்து கத்தாருக்கும் சவூதிக்கும் சென்றனர். தொண்டராக அன்று, கூலிக்கு உழைப்போராக.