அச்சிட்ட படமும் அளந்தறிந்த உண்மையும்

மாணவர்களே! அச்சேறிய யாவும் மெய்யென நம்புவது இளமையின் இயல்பு. வானொலிப் பெட்டியைப் பழுது பார்ப்போர்க்கு அந்நம்பிக்கை நெடுநாள் நிலைப்பதில்லை.

சென்னையில் 1924-ஆம் ஆண்டு கிருஷ்ணசாமிச் செட்டியாரின் முயற்சியால் வானொலிக் கழகம் ஒன்று தோன்றியது. பொருள் முட்டுப்பாட்டால் அது 1927-இல் நின்றது; 1930-இல் மாநகராட்சி அப்பணியை மேற்கொண்டது. பின்னர் 1938-இல் சென்னையிலும், 1939-இல் திருச்சியிலும், 1963-இல் திருநெல்வேலியிலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் எழுந்தன. எங்கள் சங்கரன்கோவில் போன்ற ஊர்களிலும் வால்வுப் பெட்டிகள் பாடின. அவற்றைச் செப்பனிடும் தொழிலும் வேரூன்றியது.

அத்தொழிலுக்கு வழிகாட்டி மின்சுற்றுப் படம். ஆயின் படம் வரைவோரும் மனிதரே. ஒரு சுழி விடுபடலாம். தொடக்கூடாத இரு கோடுகள் தொட்டு நிற்கலாம். தயாரிப்பின் நடுவே செய்த மாற்றம் படத்தில் ஏறாமற் போகலாம்.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். ஒலிபெருக்கியை இயக்கும் இ.எல். 84 என்னும் வால்வின் எதிர்மின்வாயில் இருக்க வேண்டிய மின்தடை 150 ஓம். படத்தில் 15 என அச்சாகியிருப்பதாகக் கொள்வோம். அதை நம்பிப் பொருத்தினால் என்னாகும்? அவ்வால்வின் நேர்மின்வாய் தாங்குவது 12 வாட்டே. 250 வோல்ட்டில் 48 மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே அவ்வெல்லை எட்டிவிடும். தடை குறைந்தால் மின்னோட்டம் வரம்பு மீறும். நல்ல வால்வு வீணே பாழாகும்.

தேர்ந்தவர் அவசரப்படார். மின்னிணைப்பை நீக்கி, மின்தேக்கிகளில் தங்கிய மின்னூட்டத்தையும் வடித்தபின், பழைய தடையின் வண்ண வளையங்களைப் படிப்பர். பழுப்பு, பச்சை ஆகியவற்றை அடுத்த மூன்றாம் வளையம் பழுப்பாயின் 150, கறுப்பாயின் 15. வால்வின் விவரத்தாளையும் ஒப்பிடுவர். பிறகு ஓம் விதியால் கணக்கிடுவர். எதிர்மின்வாயில் நிற்கும் மின்னழுத்தம் ஏறத்தாழ 7.5 வோல்ட். அதனை 150-ஆல் வகுத்தால் 50 மில்லி ஆம்பியர். வால்வுக்கு அது பொருந்தும். 15-ஆல் வகுத்தால் 500; பொருந்தவே பொருந்தாது. இவ்வாறு ஐயம் தெளிந்தபின், அடுத்து வருவோர்க்கு உதவுமாறு படத்திலேயே திருத்தத்தைக் குறித்து வைப்பர்.

அவ்விதியைக் கண்ட ஜியார்ஜ் ஓம் ஒரு பள்ளி ஆசிரியர். 1825-இல் அவர் வெளியிட்ட முதற் சூத்திரம் பிழைபட்டது. நிலையான மின்னழுத்தம் தரும் வெப்பமின் இரட்டையைக் கொண்டு மீண்டும் அளந்து, அடுத்த ஆண்டே அதனைத் திருத்தினார். நம் நாட்டிலும், 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்பு நோக்கியே பாடம் தெளிந்தார்.

ஆதலின், உங்கள் பாடநூலில் ஒரு விடை ஒவ்வாது தோன்றினால், அஞ்சி விட்டுவிடாதீர்கள். அவசரப்பட்டு நூலைப் பழிக்கவும் வேண்டா. மீண்டும் கணக்கிடுங்கள், பிறிதொரு நூலோடு ஒப்பிடுங்கள், கூடுமாயின் அளந்து பாருங்கள்.