மத்தே: அறிந்து பேசுவதும் அறியாமல் பேசுவதும்

சென்ற கோடை விடுமுறையில் ஹனூரில் என் பெரியம்மாவிடம் எடுத்த நேர்காணலை எழுத்துவடிவில் பெயர்த்துக்கொண்டிருந்தேன். ஆய்வுக்கு வேண்டியது அவருடைய பேச்சு. ஆனால் என்னை நிறுத்தியது என் பேச்சு. அவர் ஒரு செய்தியைச் சொல்லி முடிக்கும்போதெல்லாம் நான் "மத்தே?" என்று கேட்டிருக்கிறேன். ஒருமுறைகூட "அப்புறம்?" இல்லை. வீட்டில் கன்னடம் கலவாத தமிழே பேசுகிறோம் என்று கல்லூரிக் காலம் முதல் நண்பர்களிடம் சொல்லி வந்தவன் நான். அது பொய் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கன்னட "மத்தே"யும் தமிழ் "மற்று"ம் ஒரே வேரின் கிளைகள்தாம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆயினும் என் வாயில் வந்தது தமிழ்ச் சொல் அன்று.

மனிதர் செய்வதில் அறிந்து செய்வது எவ்வளவு, அறியாமல் செய்வது எவ்வளவு என்னும் கேள்வியை உளவியலுக்கு உரியதாகவே கருதிப் பழகியிருக்கிறோம். மொழியியலில் அக்கேள்விக்குத் தனியொரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் முக்கியமான ஒரு பகுதி கன்னட, தமிழ், துளுப் பேச்சுகளைச் சான்றாகக் கொண்டு எழுதப்பட்டது என்பதை நம் வகுப்பறைகள் அதிகம் சொல்வதில்லை. அதனாலேயே இந்த நீண்ட பதிவு.

தொடக்கத்தை 1911இல் வைக்கலாம். அமெரிக்கப் பழங்குடி மொழிகள் பற்றிய கையேட்டின் முன்னுரையில் பிரான்ஸ் போவாஸ் ஒரு வேறுபாட்டைச் சுட்டினார். பிற வழக்கங்களுக்கு மக்கள் பின்னாளில் காரணம் கற்பித்துக்கொள்கிறார்கள். மொழியின் வகைப்பாடுகளோ நனவுக்கு எழுவதே இல்லை, ஆகவே அவற்றுக்குக் கற்பித காரணங்களும் தோன்றுவதில்லை என்றார். நம் எடுத்துக்காட்டு ஒன்று தருகிறேன். வலக்கையால் ஏன் உண்கிறோம் என்று கேட்டால் எவரும் ஒரு விளக்கம் தருவார். தமிழில் வினை ஏன் வாக்கியத்தின் இறுதியில் வருகிறது என்று கேட்டால் விழிப்பார். போவாஸின் மாணவர் எட்வர்ட் சபீர் 1927இல் நனவிலி பற்றிய கருத்தரங்கு ஒன்றில் இதை மேலும் விரித்தார். சமூகத்தில் நம் நடத்தை பெரும்பகுதியும் நாம் அறியாத வடிவ ஒழுங்குகளைப் பின்பற்றுகிறது, மொழி அதற்குத் தெளிவான சான்று என்பது அவர் வாதம். கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை 1922இலேயே தொடங்கி, பிராய்டுடன் கடிதப் போக்குவரத்தும் நடத்திவந்த காலம் அது. ஆனால் சபீரின் நனவிலி பிராய்டுடையது அன்று. அதில் அடக்கிவைக்கப்பட்ட ஆசை எதுவும் இல்லை. கவனிக்கத் தேவைப்படாததால் கவனிக்கப்படாமற்போனது மட்டுமே உண்டு.

இனி நம் பகுதிக்கு வருவோம். 1950களின் நடுவில் புனே தக்காணக் கல்லூரிக்கு வந்த வில்லியம் பிரைட், பேச்சுக் கன்னடத்தை ஆராய்ந்தார். 1960இல் அவர் வெளியிட்ட கருதுகோளின் சாரம் இது: பிராமணர் பேச்சில் புதுமைகள் மிகுதியும் நனவுடன் நிகழும் தளத்தில், அதாவது கடன்சொற்களிலும் பொருள் விரிவிலும் காணப்படுகின்றன; பிராமணரல்லாதார் பேச்சில் அவை நனவு குறைந்த தளத்தில், அதாவது ஒலியிலும் உருபனிலும் காணப்படுகின்றன. பழைய மைசூர்ப் பகுதியின் நாட்டுப்புறப் பேச்சில் "ஹாலு" "ஆலு" ஆவதைக் கேட்டவர்களுக்கு இரண்டாவது வகை உடனே விளங்கும். எங்கள் வீட்டில் ஹனூரே "அனூரு"தான். தமிழிலும் இணையான காட்சிகள் உண்டு. ஐயங்கார் வீட்டில் குடிநீர் "தீர்த்தம்" ஆவது முதல் வகை. பெரும்பாலோர் பேச்சில் "பழம்" "பளம்" ஆவது இரண்டாம் வகை.

கேட்பதற்கு ஒழுங்கான கருதுகோள். எனக்கு அதைப் படித்த நாள்முதல் உறுத்தலும் இருந்தது. மேற்சாதிக்கு நனவு, மற்றவர்க்கு நனவிலி என்ற பங்கீடு மொழித் தரவிலிருந்து வந்ததா, அன்றி அறிந்து செய்கிறவர், அறியாமல் செய்கிறவர் என்று மனிதரைப் பிரிக்கும் பழைய வழக்கத்திலிருந்து வந்ததா? பிரைட் யாருடைய நனவையும் அளக்கவில்லை. மாற்றம் எந்தத் தளத்தில் நிகழ்ந்தது என்பதைக் கொண்டு நனவை ஊகித்தார்.

அவருக்கு நியாயம் செய்ய வேண்டும். கருதுகோளை அடுத்த சோதனைக்கு உட்படுத்தியவர்களுள் அவரே ஒருவர், ஏ. கே. ராமானுஜனுடன் சேர்ந்து. ராமானுஜன் 1929இல் மைசூரில் தமிழ் ஐயங்கார் குடும்பத்தில் பிறந்தவர். மாடியில் தந்தையின் ஆங்கிலம், சமையலறையில் தாயின் தமிழ், தெருவில் கன்னடம் என்று வளர்ந்தவர். கவிஞராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் அவரை அறிந்தோர் பலர், சாதிக் கிளைமொழி ஆய்வாளராக அறிந்தோர் சிலரே. இருவரும் எழுதி 1964இல் அச்சேறிய கட்டுரை தமிழையும் துளுவையும் ஒப்பிட்டது. எழுத்து வழக்கு வேரூன்றாத துளுவில், நனவு குறைந்த மாற்றங்கள் பிராமணர், பிராமணரல்லாதார் ஆகிய இரு சாரார் பேச்சிலும் நிகழ்ந்திருந்தன. அப்படியானால் தமிழிலும் கன்னடத்திலும் பிராமணர் பேச்சைப் பிடித்து நிறுத்தியது என்ன? எழுத்தறிவு என்னும் தடைக்கட்டை என்பது அவர்கள் முடிவு. சாதியின் மனம் பற்றிய கூற்றாகத் தோன்றியது, பள்ளிக்கூடம் யாருக்குத் திறந்திருந்தது என்பது பற்றிய கூற்றாக மாறிவிட்டது. இந்த இரண்டாம் கட்டுரையை விட்டுவிட்டு முதற் கருதுகோளை மட்டும் பாடமாக நடத்துவது பிழை.

எனினும் ஒன்று எஞ்சுகிறது. கடன்வாங்கல் நனவுடன் நிகழ்வது என்ற அடிப்படை இரு கட்டுரைகளிலும் அசையவில்லை. "மத்தே" கடன்சொல்தானே? நான் அதை எப்போது, யாரிடம் வாங்கினேன்? 1998இல் யாரோன் மட்ராஸ் தந்த விளக்கம் இங்கு உதவுகிறது. உரையாடலை நடத்திச் செல்லும் சிறு சொற்கள் ஏறத்தாழத் தன்னியக்கமாக வெளிப்படுபவை. இரு மொழியாளரின் மனம் அவற்றை இரண்டு தொகுதிகளாகப் பேணும் சுமையைக் குறைத்துக்கொள்கிறது. "தீர்த்தம்" வேண்டிப் பெற்ற சொல்லாக இருக்கலாம். "மத்தே" அப்படிப்பட்டதன்று. ஆகவே நனவின் எல்லைக்கோடு சொல்லுக்கும் ஒலிக்கும் நடுவே ஓடவில்லை, சொற்களுக்குள்ளேயே ஓடுகிறது.

இது ஒலிநயம் பற்றிய ஆர்வம் மட்டுமாக இருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். ஹனூர் அடங்கிய கொள்ளேகால் வட்டம் 1956 அக்டோபர் இறுதிவரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. நவம்பர் 1 அன்று மைசூர் மாநிலத்துக்குச் சென்றது. பின்னர் மைசூர் மாவட்டத்திலிருந்து, 1997இல் புதிதாக அமைந்த சாமராஜநகர் மாவட்டத்துக்கு மாறியது. ஊர் ஓரடியும் நகரவில்லை. அதே 1956இல்தான் அரசியலமைப்பின் 7ஆம் திருத்தம் 350அ பிரிவைச் சேர்த்தது: மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க மாநிலங்கள் முயல வேண்டும். யார் சிறுபான்மை? மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழி என்று சொல்லப்படுவதே எண்ணிக்கைக்கு அடிப்படை. கணக்கெடுப்பின் வரையறைப்படி, குழந்தைப் பருவத்தில் தாய் பேசிய மொழியே தாய்மொழி. கேட்கப்படுவது இன்றைய பேச்சு அன்று, நினைவு. அதுவும் அறிந்து, சிந்தித்துத் தரும் விடை.

அத்தகைய விடைகள் பேச்சோடு பொருந்துவதில்லை என்பதை வில்லியம் லபாவ் 1966இலேயே நியூயார்க்கில் காட்டினார். எந்த உச்சரிப்பு உங்களுடையது என்று கேட்டபோது, பலர் தாம் பேசுவதைச் சொல்லவில்லை, பேச விரும்புவதைச் சொன்னார்கள். இதை வைத்து, எல்லைப்புறத் தமிழரின் தாய்மொழி விடை நம்பத்தகாதது என்று சிலர் வாதிடக்கூடும். நான் அதற்கு உடன்படவில்லை. "தமிழ்" என்று என் பெரியம்மா சொல்வது ஒரு தீர்மானம். தீர்மானமும் நடத்தைதான். அதற்கும் 1956க்குப் பிந்தைய எழுபது ஆண்டு வரலாறு உண்டு. "மத்தே"யை எடுத்துக்காட்டி அந்தத் தீர்மானத்தைப் பொய்யாக்கவும் முடியாது, தீர்மானத்தைக் காட்டி "மத்தே"யை மறைக்கவும் முடியாது. நான் இத்தனை ஆண்டும் செய்துவந்தது இந்த இரண்டாவது தவறு.

ஆய்வேட்டுப் பிரதிகளில் நேர்காண்பவரின் பேச்சைச் சுருக்கிவிடுவது வழக்கம். இம்முறை என் கேள்விகளையும் முழுமையாகப் பெயர்த்துத் தரவில் சேர்க்கிறேன். நெறியாளருடன் இது பற்றி இன்னும் பேச வேண்டியிருக்கிறது.

கொள்ளேகால், மாரடள்ளி, ஓசூர்ப் பக்கத்து நண்பர்களும், கன்னடம் பேசியும் 1956இல் தமிழ்நாட்டிலேயே நின்றுவிட்ட தாளவாடி நண்பர்களும் தங்கள் வீடுகளில் "மத்தே", "அப்புறம்" இரண்டில் எது வழங்குகிறது என்று எழுதினால் நன்றியுடையவனாவேன். ஒரு வேண்டுகோள்: அரைமணி நேரப் பேச்சைப் பதிவு செய்து கேட்டுவிட்டு எழுதுங்கள். நினைவிலிருந்து எழுத வேண்டாம்.