மதில் வரி புகட்டும் பாடம்

சென்னை சென்ட்ரல் இரயில் நிலையத்தை ஒட்டி வடக்கே செல்லும் சாலைக்கு வால்டாக்ஸ் சாலை என்று பெயர். 'மதில் வரி' என்பதே அதன் பொருள். ஒரு நகர்ப்பகுதியின் காவலுக்கு அப்பகுதி மக்களே தனிவரி தரல் வேண்டும் என்று எழுந்த திட்டத்தின் நினைவுச் சின்னம் அது.

வரிப் பூசல் அந்நகருக்குப் புதியதன்று. கம்பெனி அதிகாரிகள் விதித்த வரியை மக்கள் எதிர்த்தனர். தம்மவரும் அமர்ந்துள்ள ஓர் அவை விதித்தால் மக்கள் மனமுவந்து தருவர் என்று இலண்டனில் இருந்த சோசையா சைல்டு கருதினார். அதன் விளைவாக 29-9-1688இல் சென்னை மாநகராட்சி தோன்றியது.

கோட்டைக்கு வெளியே இந்தியர் வாழ்ந்த பகுதியை ஆங்கிலேயர் 'கறுப்பர் நகரம்' என்றனர். பிரெஞ்சுப் படை 1746இல் சென்னையைக் கைப்பற்றிய பின் பழைய நகரம் அழிவுற்றது. வடக்கே புதிய நகரம் எழுந்தது. 1758–59 முற்றுகையில் அதுவும் சூறையாடப்பட்டது. 1767இல் மைசூர்க் குதிரைப்படை நகரின் எல்லை வரை வந்தது. அதன் பின்னரே பால் பென்ஃபீல்டு என்பவரின் பொறுப்பில் மதில் எழுந்தது. செலவை ஈடுசெய்ய மக்கள் மீது வரி விதிக்க முயன்றனர். அதன் சட்டத் தகுதி குறித்து மறுப்பு எழுந்தமையால் வரி தண்டப்படவில்லை என்பர் வரலாற்றாசிரியர். வரி மறைந்தது, பெயர் நிலைத்தது. 1911இல் அப்பகுதி ஜார்ஜ் டவுன் ஆயிற்று. மதிலின் எஞ்சிய ஒரு பகுதி இன்று மாடிப்பூங்காவாக விளங்குகிறது.

இளைஞர்களே! இவ்வரலாற்றில் நமக்கென்ன பங்கு? அந்நகரில் நம்மவர் வாழ்ந்த இடம் 'பறைச்சேரி' என்று தனித்தே ஆவணங்களில் குறிக்கப்பட்டது. நகரின் உழைப்பில் பங்கு தந்தோம். நகரின் பெயரில் பங்கு பெற்றோமில்லை. பொதுப் பணத்தில் அமைந்த சாலையும் கிணறும் குளமும் எல்லார்க்கும் உரியன என்னும் தீர்மானத்தை, இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேற்றச் செய்தது 1924ஆம் ஆண்டில்தான்.

வரி தருவோன் கணக்குக் கேட்கும் உரிமை உடையவன். நாமும் ஊராட்சிக்கு வீட்டுவரி செலுத்துகிறோம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 உள்ளிட்ட நாட்களில் கிராம சபை கூடுகிறது. பெரக்கரை நாட்டு இளைஞர் அங்குச் சென்று, எந்தத் தெருவுக்கு விளக்கு, எந்தத் தெருவுக்குக் குடிநீர் என்று வரவு செலவை வினவுதல் வேண்டும். கல்வி நமக்குத் தந்த முதற்கருவி, கணக்கைப் படிக்கும் கண். அதனைப் பயன்படுத்துவோமாக!